கடல் பூதத்துக்கு இசை

கீபோர்டைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தான் லோகேஷ். திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்றுவிடப் போகிறானாம்.

"கேமுக்கு மீஜிக் போடறாளாம், மீஜிக்! தெருவே சிரிக்குது. எந்நேரமும் டொய்ங் டொய்ங்னு வூட்ல ஒரே பேஜாரு."

மனைவி ஷர்மிளா தடுக்கவில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"மீஜிக்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? இத்த கேளு."

ஒரு மாதமாக அவன் விடாமல் ஆடும் கேமைப் போனில் திறந்தான். கடலுக்குள்ளிருந்து பூதம் எழுந்தது. கூடவே கரகரவென்று ஓர் உறுமல், பெரிதாகிக்கொண்டே வந்தது.

"வயித்த கலக்குதுல்ல? எவனோ வெள்ளக்காரன் போட்டுக்கீறான். ஏழு ஜென்மம் எடுத்தாலும் உனக்கு இது வராது."

"போட்டவங்க பேரு அதுலயே கீது. பாரு."

தேடிப் பார்த்தான். இசை: ஷர்மிளா, திருவொற்றியூர்.

கீபோர்டை மெல்லக் கீழே வைத்தான். குரலும் இறங்கிவிட்டது.

"மெய்யாலுமே நீதானா? அந்த உறுமலு இன்னா வாத்தியம்மே?"

"வாத்தியம்லாம் இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சி வந்து நீ தூங்கசொல்ல, வாயாண்ட போனை வச்சிப் புடிச்சேன். அதை மெதுவா ஓட வுட்டேன், அவ்ளோதான். இவ்ளோ கேவலமான பூதத்த எங்கேம்மா புடிச்சீங்கன்னு கம்பெனில கேட்டாங்க."

லோகேஷ் திறந்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டான்.

"ரெண்டாம் பாகத்துக்கு இன்னும் கேவலமா வேணுமாம்." சோற்றுத் தட்டை அவன் முன்னால் தள்ளினாள். "துன்னுட்டுப் போய்ப் படு."