கிண்ணத்தின் அடியில்

கொசுப்புழுவைக் கொல்லக் குங்கிலியப் பிசினிலிருந்து எடுத்த சாறு மற்ற உயிர்களை ஒன்றும் செய்யாது என்று ஆய்வகம் சொல்லிவிட்டால் போதும், ஏரிக்கரையில் நிற்கும் லாரி அதைத் தண்ணீரில் ஊற்றத் தொடங்கிவிடும். ஆய்வகத்தில் பிரிசில்லா பூதக்கண்ணாடி வழியாகக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாறு கலந்த தண்ணீரின் அடியில் சோதனைக்காக விட்ட நீர்த்தெள்ளு என்னும் கடுகளவு உயிர் ஒன்று அசையாமல் கிடந்தது. ஒளி ஊடுருவும் அந்த உடம்புக்குள் இதயம் மட்டும் துடித்தது.

“என்னம்மா, செத்துருச்சா?” என்றார் மேலதிகாரி தணிகாசலம்.

“சொல்லத் தெரியல சார்.”

அப்போது அதன் முதுகிலிருந்த பை திறந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நீந்தின. எட்டிப் பார்த்த தணிகாசலம் சிரித்துவிட்டார். “குட்டியே போட்டிருக்கு! இதுக்கு மேல என்ன வேணும்?” என்று லாரிக்காரருக்குப் போன் போட்டார்.

பிரிசில்லா கண்ணை எடுக்கவில்லை. துள்ளிக்கொண்டிருந்த குஞ்சு ஒன்று மெல்லக் கவிழ்ந்து அடியில் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று.

“சார், இப்பப் பாருங்க” என்று அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு அவள் விலகி நின்றாள். தணிகாசலம் குனிந்தார். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கிக்கொண்டிருந்தன.

“சார்? ஊத்திரலாமா சார்?” என்றது போனில் லாரிக்காரரின் குரல்.

பிரிசில்லா போனைத் தன் வாயருகே கொண்டுபோனாள்.