நடுவில் நின்ற கயிறு

தார் தள்ளிச் சாய்ந்த வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக்கொடுத்து, பழைய கயிறு ஒன்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டினார் தோட்டக்காரர்.

“இந்தக் கட்டையோட ஒட்டி நிக்கணுமா?” என்று முகம் சுளித்தது வாழை.

“வேரில்லாத பாவம் அது. நீ பிடிக்காட்டி விழுந்துடும்,” என்றது கயிறு.

“இவ பாரமும் என் தலையிலயா?” என்று சலித்தது கம்பு.

“பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நிக்கிறா. உன்னை விட்டா அவளுக்கு யாரு?” என்றது கயிறு.

சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. பக்கத்து வாழைகள் மடமடவென்று சாய்ந்தன. கயிறு பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் இறுக்கிப் பிடித்தது.

காற்று ஓய்ந்தது. இரண்டும் அசையாமல் நின்றன.

“நல்லவேளை, நான் இருந்தேன்,” என்றது வாழை. கம்பும் அதையேதான் சொன்னது.

“பின்னே!” என்று சிரித்த கயிறு, அறுந்துபோன தன் புரி ஒன்றை மெல்ல உள்ளே செருகிக்கொண்டது.