குடை மடக்கும் இடம்

பின்கட்டு அறையில் தங்க முடியாது என்று சர்மிளா சொன்னதும் பங்களா மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது.

கோத்தகிரியிலிருந்து கிளம்பி, விமானம், ரயில் என்று மாறி மாறி வந்து, இலங்கை மலையகத்து வட்டகொடையில் இறங்கி, ஓட்டலாக மாற்றிய இந்தப் பழைய துரை பங்களாவுக்கு ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்தது, தேயிலை மலையைப் பார்த்த முன்பக்க அறை. இப்போது வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று கூடுதலாக வந்துவிட்டதாம். அந்தக் காலத்தில் துரை வீட்டு வேலைக்காரர்கள் படுத்த பின்கட்டு அறைதான் மிச்சமாம்.

“எங்கம்மா இந்தத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. இந்த முன்வாசப்படிய அவங்க மிதிச்சதே இல்ல. நான் பின்வாசல் வழியா உள்ள போக மாட்டேன்.”

ஒரு ராத்திரிதானே என்று கணவன் பிரதாப் இழுத்தான். சண்டை என்று வந்துவிட்டால் பாத்ரூம் எங்கே என்று தேடுகிற சாது அவன். சர்மிளா பார்த்த பார்வையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

பன்னிரண்டு வயது மகள் நிலக்ஷி அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் சர்மிளா கடல் தாண்டி வந்ததே. தன் அம்மாவைக் குனிய வைத்து, கடைசியில் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய மண்ணில், தன் மகள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

சீசன் நேரம். நுவரெலியா வரைக்கும் போன் போட்டுப் பார்த்தாயிற்று, எங்கேயும் அறை இல்லை. அப்போதுதான் அழகன் வந்தார். பங்களாவுக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய்ப் பழைய இடங்களைக் காட்டுவது அவர் வேலை. அறுபதைத் தொட்டிருப்பார். கீழே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் தன் வீடு இருக்கிறது, வசதி கம்மிதான், ஆனால் முன்னறையையே தருகிறேன் என்றார். இந்த வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு அழைத்துப் போவதாகவும், அதுவரை அவர்களும் கூட வரலாம் என்றும் சொன்னார். சர்மிளாவுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

பழைய தேயிலை ஃபேக்டரியைப் பார்த்தார்கள். ஆட்களைக் காலையில் வேலைக்கு அழைக்க அடித்த மணியைப் பார்த்தார்கள். வழியில் தூறல் பிடித்துக்கொண்டது, எல்லோரும் குடையை விரித்தார்கள். கடைசியாக ஒரு மலைச்சரிவில் வேலி போட்டு, பூச்செடி வைத்து, ஜோராகப் பராமரித்த, பெயர் பொறிக்காத ஒரு பழைய கல்லறை. ‘தோட்டத்தின் முதல் துரை’ என்று பக்கத்தில் ஒரு பலகை.

அழகன் தன் குடையை மடக்கினார். அந்தக் காலத்தில் துரை எதிரே வந்தால் தோட்டத்து ஆட்கள் குடையை மடக்கி ஒதுங்கி நிற்க வேண்டும் என்று இங்கிலீஷில் விளக்கினார். இந்த இடத்தில் எல்லோரும் அப்படி ஒரு நிமிஷம் நிற்பது வழக்கம் என்றார்.

வெள்ளைக்காரர்கள் பயபக்தியோடு மடக்கினார்கள். பிரதாப் மடக்கினானா என்று கேட்கவே வேண்டாம். நிலக்ஷியும் மடக்கப் போனாள்.

“மடக்காத,” என்றாள் சர்மிளா.

அவளுக்கு உடம்பே எரிந்தது. புதுச் சேலை கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன அன்றைக்குக்கூட, துரையின் ஜீப் போய் மறையும்வரை குடையை மடக்கி நனைந்து நின்ற கதையை அம்மா சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். துரை செத்து மண்ணாய்ப் போன பிறகுமா இந்தக் கூத்து?

ஒரு நிமிஷம் முழுக்க அத்தனை பேரும் நனைந்தார்கள். அம்மாவும் மகளும் மட்டும் குடையை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். அழகன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர்கள் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் சர்மிளா அவரிடம் போனாள்.

“அண்ணே, எடம் தர்றேன்னீங்க, ரொம்ப நன்றி. ஆனா நாங்க வரல. செத்த தொரைக்கும் குடை மடக்கச் சொல்ற வீட்டுல என் புள்ள தங்க வேணாம். ஸ்டேஷன் பெஞ்சில படுத்துக்கிறோம்.”

பிரதாப் பாத்ரூம் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தான். அழகன் கோபப்படவில்லை. கூட்டம் வளைவில் மறையட்டும் என்று காத்திருந்தார்.

“தொரையோட கல்லறை மண்சரிவுல ஆத்தோட போயி பதினஞ்சு வருஷமாச்சுங்கம்மா. பங்களாவப் புதுசா வாங்கினவங்க, அது எங்க இருக்குன்னு என்னையக் கேட்டாங்க. நான் இதக் காட்டிட்டேன்.”

“அப்ப இது யாரு?”

“எங்க தாத்தா மாயாண்டி. தொரைக்குக் குடைய மடக்க மாட்டேன்னு நின்னாரு. அடிச்சே கொன்னுட்டாங்க. இப்ப சீசனுக்கு சீசன் வெள்ளைக்காரங்க வந்து அவருக்கு மடக்கிட்டுப் போறாங்க.”

சர்மிளாவின் கை தானாகக் குடையை மடக்கப் போயிற்று.

“மடக்காதீங்கம்மா,” என்றார் அழகன். “இத்தன வருஷத்துல இந்த எடத்துல அவர மாதிரி நின்னவங்க நீங்க ரெண்டு பேருதான். அப்படியே புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வாங்க.”