கனிவாய் ஒரு பதில்

"வட்டக்கானல் வளைவுல ஒரே பனிங்க மேடம். சாப்பாடு கொண்டுபோறப்ப பைக் சறுக்கி கால் ஒடிஞ்சுபோச்சு. கம்பெனியில ஏதாச்சும் உதவி கிடைக்குங்களா?" என்று ஃபோனில் கேட்டார் டெலிவரி கணேசன்.

"நீங்க எங்க பார்ட்னருங்க, தொழிலாளி இல்லீங்க. அதுக்கு வழியில்லீங்க."

கொடைக்கானல் வீட்டிலிருந்தபடியே, தேன் தடவினாற்போலச் சொல்லி ஃபோனை வைத்தாள் தமயந்தி. கம்பெனிக்கு வரும் ஃபோன்களுக்குப் பதில் சொல்வதுதான் அவள் சோலி.

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் அடுத்துக் கூப்பிட்டார். "என்ன குரல்மா உங்களுக்கு. இப்ப சொன்னதை அப்படியே பேசிப் பதிவு பண்ணி அனுப்புங்க."

பூரித்துப்போய் அனுப்பினாள்.

மறுநாள் வெள்ளனே வேலைக்கு உட்கார்ந்தால் லாகின் திறக்கவில்லை. மேனேஜரும் ஃபோனை எடுக்கவில்லை. பதறிப்போய்க் கம்பெனியின் உதவி எண்ணுக்கே அடித்தாள்.

மறுமுனையில் அவள் குரலே கனிவாகச் சொன்னது: "நீங்க எங்க பார்ட்னருங்க, தொழிலாளி இல்லீங்க."