பால்சுறா

சூசையம்மாளின் மீன் தராசில் வாங்குகிறவர் கட்டைவிரலை வைத்தால், ஆலைக் கழிவு கலக்கும் இந்தக் கழிமுகத்து மீன் அவர் உடம்புக்கு ஆகுமா என்று அது சொல்லிவிடும். ஆகாது என்றால் மீன் கூடைக்கே திரும்பும். வலையில் வந்ததைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? இருபது வருஷமாக அதெல்லாம் அவள் வீட்டுக் குழம்பில்தான் கொதித்தது. விற்கிறவள் விரலைத் தராசு கேட்பதில்லை.

மகள் பெனிட்டாவுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். பால் ஊறட்டும் என்று புட்டு அவிக்கப் பால்சுறா எடுத்துவைத்தாள் சூசையம்மாள்.

"ஒருவாட்டி பாத்துருவோம்மா," என்று பெனிட்டா தராசில் விரலை வைத்தாள்.

"சுறா வேண்டாம்," என்றது தராசு. "தாய்ப்பாலும் கொடுக்க வேண்டாம்."

பிள்ளை பசித்து அழுதது. பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள்.

"ஒத்த மீனக்கூட நான் வீணாக்குனதில்லையே, தாயி," என்றாள் சூசையம்மாள்.