படத்துக்குக் கீழே ஒரு வரி

"வளனுக்குக் கல்யாணமே ஆகலையே! பொண்டாட்டி எங்கயிருந்து வந்தா?"

அம்புரோஸ் பேப்பரைக் காப்பிக்கடை மேசைமேல் ஓங்கி அடித்தார். தூத்துக்குடி கடற்கரையில் அந்தக் கடைக்கு அன்று காலையிலிருந்தே கூட்டம்.

கொழும்புக்குப் போன தோணி ஒன்று கவிழ்ந்திருந்தது. மற்றவர்களை வேறொரு தோணிக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள். வளன் மட்டும் மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

உலக யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகியும் காகிதத் தட்டுப்பாடு தீரவில்லை. இருந்தும், மதுரைப் பேப்பர் தன் நாலு பக்கத்தில் கால் பக்கத்தை இதற்கே ஒதுக்கியிருந்தது. படத்தில் ஒரு பெண் மணலில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு கதறுகிறாள். கீழே ஒரு வரி: 'பலியான வளனின் மனைவி.'

"இவ உப்பளத்துச் சீனித்தாய்லா! தோணிக்கு உப்பு மூட்டை சுமக்க வருவாளே!"

"கேமராவைக் கண்டதும் என்னமா அழுதிருக்கா பாருங்க. ஒரே நாள்ல சீமை பூரா தெரிஞ்சுபோச்சு அவ மூஞ்சி."

"அவ தலைக்கு மேல ஒரு கை தெரியுதுல்லா, அது என் கை" என்றார் கடைக்காரர். "கொஞ்சம் முன்னால நின்னிருந்தா முகமும் விழுந்திருக்கும்."

மூன்று பேப்பர் வாங்கி வைத்திருந்தார் அவர்.

அம்புரோஸ் பேப்பர் ஏஜெண்டைப் பிடித்துச் சத்தம் போட்டார். மறுநாளே, படத்தை எடுத்த நிருபர் மந்திரமூர்த்தி ரயிலேறி வந்துவிட்டார்.

"விசாரிக்காம எப்படி சார் போட்டிய?"

"விசாரிச்சேனே. இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டேன். 'பொண்டாட்டியாத்தான் இருக்கும், சீக்கிரம் எடுங்க சார், வெளிச்சம் போகுது'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அம்புரோஸ் குனிந்து காப்பியை ஆற்றினார்.

உண்மையில், பிணம் ஒதுங்கிய அன்றைக்கு மந்திரமூர்த்தி முதலில் படம் எடுக்கப் பார்த்தது வளனின் அம்மா பிளாரன்ஸ் அம்மாளைத்தான். அந்த அம்மாளோ மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழாத முகம் பேப்பருக்கு ஆகாது என்று அவர் கேமராவைத் திருப்பிவிட்டார்.

"சரி, திருத்தம் போட்டுடுறோம்" என்றார். "வளனோட அம்மா ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும்."

உப்பளத்துக்கு ஆள் போனது. சீனித்தாய் வந்து நின்றாள். கணுக்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ஏளா, வளனுக்கு நீ யாரு?"

"யாருமில்ல அண்ணாச்சி."

"பின்ன எதுக்கு அந்த உருளு உருண்ட?"

அவள் தரையைப் பார்த்தாள். "பாவமா இருந்துச்சு. அழுதுட்டேன்."

"பாவமா இருந்துச்சா? இங்க எங்களுக்கெல்லாம் பாவமா இல்லையா? நாங்க உருண்டோமா?"

"தப்புதான் அண்ணாச்சி. பேப்பர்ல மாத்திப் போடச் சொல்லுங்க. அவங்க அம்மாகிட்ட மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க."

"அது எப்படி? அந்த அம்மா கால்ல விழுந்து நீ மன்னிப்புக் கேக்கணும்!"

சீனித்தாயை முன்னால் விட்டுப் பின்னால் இருபது பேர் போனார்கள். மந்திரமூர்த்தி கேமராவையும் எடுத்துக்கொண்டார்.

பிளாரன்ஸ் அம்மாள் கறுப்புச் சேலையோடு வாசலுக்கு வந்தாள். அம்புரோஸ் பேப்பரை நீட்டினார்.

"அக்கா, இவ உங்க குடும்ப மானத்தையே வாங்கிட்டா. 'என் மகனுக்குக் கல்யாணம் ஆகலை, இவ யாருன்னே எனக்குத் தெரியாது'ன்னு சார் எழுதிக்கிடுவாரு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

அந்த அம்மாள் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனித்தாய் காலில் விழக் குனிந்தாள். பிளாரன்ஸ் அம்மாள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வருசமா கேட்டான், இவளைக் கட்டிவைங்கம்மான்னு. உப்பளத்துக்காரி என் வாசல்ல கால் வச்சா நான் நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்னு சொல்லிட்டேன்."

கூட்டம் முழுக்கச் சீனித்தாயைத் திரும்பிப் பார்த்தது.

"தோணி ஏறுன அன்னைக்கும் கேட்டான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். போயிட்டு வாரேன்னான். அதுக்கும் ஒரு வார்த்தை பேசலை."

கல்லாக இருந்த அந்த முகம் உடைந்தது. அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது. சீனித்தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். மந்திரமூர்த்தி கேமராவைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ... திருத்தம் வேண்டாமாம்மா?"

"வேணும் சார்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வளனோட மனைவின்னு மட்டும்தானே போட்டிருக்கிய. என் மருமக பேரு சீனித்தாய். அதையும் சேத்துப் போடுங்க."