மொட்டையாய் நின்ற செம்பருத்தி

"யாரு இந்தக் காரியத்தைப் பண்ணினது?"

தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து இறங்கிய மாமியார், கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

வாசல் சிமெண்டுத் தொட்டியில் ஆள் உயரத்துக்கு நின்ற அடுக்குச் செம்பருத்தி, முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சியாக நின்றது. மருந்துக்குக்கூட ஒரு இலை இல்லை.

"நான்தான் அத்தை வெட்டினேன்," என்றாள் மருமகள்.

"ஏண்டி, அது உன்னை என்ன பண்ணிச்சு? சோறு கேட்டுச்சா, சேலை கேட்டுச்சா?"



அந்தத் தெருவில் 'செம்பருத்தி வீடு' என்று சொன்னால்தான் தபால்காரருக்கே வழி தெரியும். எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடி வந்தாள். எதிர்வீட்டு டீச்சரும் வந்து நின்றார்.

"நாலு நாளாவே இலையெல்லாம் கருகிக் கிடந்துச்சுக்கா," என்றாள் தையல்காரி. "நீங்க இல்லைன்னதும் தண்ணியே ஊத்தலை போல."

"கேட்டீங்களா டீச்சர்? பூ கொட்டுது, எறும்பு வருதுன்னு அன்னிக்கே முணுமுணுத்தா. நான் தலை மறையறதுக்குள்ள காயப் போட்டு, வெட்டியும் போட்டுட்டா. இன்னிக்குச் செடி, நாளைக்கு நான்!"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மருமகள் தலையைக் குனிந்தபடியே மாமியாரின் பையை வாங்கக் கை நீட்டினாள். மாமியார் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அங்கேயே நின்று, வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கே கிளம்பி வா. உன் பொண்டாட்டியை அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விடு. இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லைன்னா அவ இருக்கணும்."

"ஒரு செடிக்காகவாம்மா?"

"செடி இல்லடா. மனசு! இவளுக்கு மனசு சரியில்லை."

மறுநாள் காலை மருமகள் உள்ளே துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நர்சரிக்காரர், காலடியில் ஒரு மண் மூட்டையோடு.

"உங்க மருமக இன்னொரு மூட்டை கேட்டிருந்துச்சும்மா." சொல்லிக்கொண்டே குனிந்து, செம்பருத்திக் குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். "உள்ளே பச்சை இருக்கு. பிழைச்சுக்கும்."

"பிழைக்கிறதா? அவதான் வெட்டிக் கொன்னுட்டாளே!"

"வெட்டினதாலதாம்மா உசிரு நிக்குது. வெட்டச் சொன்னதே நான்தான். தொட்டிச் செடிக்கு ரெண்டு ஸ்பூன் யூரியாவே ஜாஸ்தி. இதுக்கு அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கு. வேர் வெந்துபோச்சு. பாவம், அந்தப் பொண்ணு மண்ணையெல்லாம் ஒத்தை ஆளாத் தோண்டி எடுத்து, வேரை அலசி, புது மண்ணு போட்டிருக்கு. கையெல்லாம் கொப்புளம். நீங்க பார்க்கலையா?"

மாமியார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யூரியாவை... யாரு கொட்டினதாம்?"

"அந்தப் பொண்ணுதான். 'தெரியாம நான்தான் போட்டுட்டேன் அண்ணே, எங்க அத்தை வர்றதுக்குள்ள எப்படியாவது காப்பாத்திக் குடுங்க'ன்னு வந்து நின்னுச்சு. படிச்ச பொண்ணு, பாக்கெட்டுல போட்டிருக்கிறதைப் படிக்க வேண்டாமான்னு நானும் நல்லாத் திட்டிட்டேன்."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

மாமியார் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சர் வீட்டு ரோஜாவுக்கு முன்னால் தன் செடி குறைவாகப் பூக்கக் கூடாது என்று, ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் கை கையாக அள்ளிப் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். மிச்ச யூரியாவைத் தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததும் அவள்தான்.

மெல்ல உள்ளே போனாள். பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

"மோட்டாருக்குப் பின்னாடி பாக்கெட்டைப் பார்த்துட்டியா?"

"பார்த்தேன் அத்தை."

"அப்ப நேத்தே சொல்றதுக்கு என்னடி? அத்தனை பேருக்கு முன்னாடி உன்னை அந்தப் பேச்சு பேசினேனே!"

மருமகள் கொப்புளம் உடைந்த கையால், மாமியார் எடுத்து வைத்த சேலைகளை அடுக்கினாள்.

"அத்தனை பேருக்கு முன்னாடி எப்படி அத்தை சொல்றது?"